மூன்றாவது வரியை அழுத்தினால் இரண்டாவது வரி நீங்குவது ஏன்? ஜாவா வாசகர் கேள்வி பதில்

இந்த இதழில், ஜாவாவில் வெப் பக்கம் கட்ட உதவும் ஃப்ரேம்வொர்க்கான ஜேஎஸ்எஃப்பின் லூப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் பதில். ஜேஎஸ்எஃப் இப்போது ஜகார்த்தா ஃபேசஸ் என்ற பெயரில் வருகிறது. 3.0 பதிப்பிலிருந்து பேக்கேஜ் பெயர்களில் 'ஜாவாக்ஸ்' போய் 'ஜகார்த்தா' வந்துவிட்டது. கீழே உள்ள பதில்கள் இரண்டுக்கும் பொருந்தும். பதிப்புக்குப் பதிப்பு மாறும் இடங்களில் எண்ணையும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: ஆர்டர் பட்டியலை லூப் டேக்கான யூஐ ரிப்பீட் வைத்துக் காட்டுகிறோம். ஒவ்வொரு வரியிலும் 'நீக்கு' பட்டன் உண்டு. எங்கள் மெஷினில் ஒழுங்காக ஓடுகிறது. லைவில் சில சமயம் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை, லாகிலும் எரர் இல்லை. அதைவிட மோசம், அழுத்தியது ஒரு ஆர்டர், நீங்கியது வேறொரு ஆர்டர் என்று புகார் வருகிறது. பக்கத்தின் டேட்டாவை வைத்திருக்கும் ஜாவா ஆப்ஜெக்டான பீன் ரெக்வெஸ்ட் ஸ்கோப். பீன் உருவானதும் ஓடும் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் மெத்தடில் லிஸ்டை டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறோம், புதிய ஆர்டர் மேலே வரும்படி.

பதில்: உங்கள் கடைசி இரண்டு வாக்கியங்களிலேயே காரணம் இருக்கிறது.

பக்கத்தின் எச்டிஎம்எல் சோர்ஸைத் திறந்து அந்தப் பட்டனின் பெயரைப் பாருங்கள். 'ஃபார்ம்:லிஸ்ட்:2:டெலிட்' என்பது போல இருக்கும். நடுவில் நிற்கும் 2 வரி எண், பூஜ்யத்திலிருந்து எண்ணியது. ஆர்டர் எண் அதில் எங்கேயும் கிடையாது. பட்டனை அழுத்தியதும் சர்வருக்குப் போவது இந்தப் பெயர் மட்டும்தான். பஸ்ஸில் ஆளைப் பார்க்காமல் 'மூன்றாவது சீட்டுக்காரர் இறங்குங்கள்' என்று குரல் கொடுப்பது மாதிரி. நடுவில் ஆட்கள் இடம் மாறியிருந்தால் இறங்குவது வேறு ஆள்.

சர்வரில் அடுத்து நடப்பதைப் பாருங்கள். பக்கத்தைக் காட்டிய அன்றைய பீன் அந்த ரெக்வெஸ்டோடு போய்விட்டது. இப்போது புது பீன் பிறக்கிறது, லிஸ்டை மறுபடி டேட்டாபேஸிலிருந்து எடுக்கிறது. ஜேஎஸ்எஃப்பின் ஆறு கட்டங்களில் இரண்டாவதான அப்ளை ரெக்வெஸ்ட் வேல்யூஸில் லூப் மீண்டும் ஒரு முறை ஓடுகிறது. பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று வரிசையாக நின்று, 'உன் பெயர் ரெக்வெஸ்டில் வந்திருக்கிறதா?' என்று ஒவ்வொரு வரியின் பட்டனையும் கேட்கிறது. இரண்டாம் எண் வரியில் 'ஆம்' கிடைத்தால் அந்த எண்ணோடு ஈவண்டைக் கட்டி வைக்கிறது. ஐந்தாவது கட்டமான இன்வோக் அப்ளிகேஷனில் அதே எண்ணுள்ள வரிக்குப் போய், அங்கே இப்போது எந்த ஆப்ஜெக்ட் நிற்கிறதோ அதை உங்கள் டெலிட் மெத்தடுக்குக் கொடுக்கிறது.

ஆக்ஷனில் 'பீன்.டெலிட்(ஆர்டர்)' என்று எழுதும்போது, திரையில் கண்ட ஆர்டரே கையோடு அனுப்பப்படுவது போலத் தோன்றும். அது கண்மயக்கு. அந்த 'ஆர்டர்' எது என்பது ஐந்தாவது கட்டத்தில்தான் முடிவாகிறது, அப்போது கையில் உள்ள லிஸ்டை வைத்து.

இரண்டு பிரவுசர் ஜன்னல் போதும், உங்கள் மெஷினிலேயே இதை வரவழைத்துவிடலாம். முதல் ஜன்னலில் பட்டியலைத் திறந்து அப்படியே விடுங்கள். இரண்டாவதில் புதிய ஆர்டர் ஒன்றைப் போடுங்கள். அது மேலே ஏறி எல்லா வரியையும் ஒரு படி கீழே தள்ளும். இப்போது முதல் ஜன்னலில் மூன்றாவது வரியை நீக்குங்கள். அங்கே இரண்டாவதாகத் தெரியும் ஆர்டர் போய்விடும். 'ஒன்றுமே நடப்பதில்லை' என்பதைப் பார்க்க, இரண்டாவது ஜன்னலில் ஏதோ ஒரு ஆர்டரை நீக்கிவிட்டு, முதல் ஜன்னலின் கடைசி வரியை அழுத்துங்கள். அந்த எண்ணில் வரியே இல்லாததால் கேள்வி கேட்கப்படாமலே லூப் முடிந்துவிடும். ஜேஎஸ்எஃப் இதைப் பிழையாகக் கருதுவதில்லை, அதனால்தான் லாகில் ஒரு வார்த்தையும் இல்லை.

மற்ற காரணங்களாலும் பட்டன் ஊமையாகலாம் என்பதால் தேடும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் பிரவுசரின் நெட்வொர்க் டேபில் போன டேட்டாவைப் பாருங்கள். சாதாரண சப்மிட் என்றால் பட்டனின் முழுப் பெயரே ஒரு பேராமீட்டராக இருக்கும். ஏஜாக்ஸ் என்றால் 'ஜாவாக்ஸ்.ஃபேசஸ்.சோர்ஸ்' (3.0-லிருந்து 'ஜகார்த்தா.ஃபேசஸ்.சோர்ஸ்') என்ற பேராமீட்டரின் மதிப்பாக இருக்கும். அது இல்லையென்றால் கோளாறு பக்கத்தில்தான்: பட்டன் ஃபார்முக்கு வெளியே இருக்கும், அல்லது ஃபார்முக்குள் இன்னொரு ஃபார்ம் இருக்கும்.

பெயர் போயிருக்கிறது, ஆனாலும் வேலை நடக்கவில்லை என்றால் சர்வரில் பிரேக்பாயிண்ட். ஜேஎஸ்எஃப்பின் செயலாக்கங்களில் ஒன்றான மொஜாரா வைத்திருப்பவர்கள் பட்டன்ரெண்டரர் கிளாஸின் டீகோட் மெத்தடில் நிறுத்தலாம். உங்கள் வரி எண்ணோடு அந்த மெத்தடுக்குள் ஆள் வரவே இல்லையா? லிஸ்டில் அந்த வரி இல்லை, அல்லது பட்டனோ அதை உள்ளடக்கிய கம்போனென்ட் ஏதாவதோ 'ரெண்டர்டு' நிபந்தனையில் பொய்யாகிவிட்டது. இந்த நிபந்தனை பக்கத்தைக் காட்டும்போது ஒரு தடவையும் சப்மிட் ஆனதும் மறுபடியும் கணக்கிடப்படும் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். உள்ளே வந்து 'அழுத்தப்பட்டது' என்றும் முடிவாகி, ஆக்ஷன் மட்டும் ஓடவில்லையா? அப்படியானால் நடுவில் வேலிடேஷன் தோற்றிருக்கிறது. பக்கத்தில் எச் மெசேஜஸ் போட்டால் செய்தி தெரியும். வெப்.எக்ஸ்எம்எல்லில் ப்ராஜெக்ட் ஸ்டேஜை டெவலப்மென்ட் ஆக்கியிருந்தால், அந்த டேக் இல்லாத பக்கத்திலும் மொஜாரா தானாகவே கீழே காட்டிவிடும்.

இனி தீர்வு. பீனை வியூ ஸ்கோப்புக்கு மாற்றுங்கள், அதே பக்கத்தில் இருக்கும்வரை பீன் உயிரோடு இருக்கும். காட்டும்போது இருந்த லிஸ்டே அடுத்த சப்மிட்டிலும் இருக்கும், வரி எண்ணும் அதே ஆப்ஜெக்டைக் காட்டும். மாற்றும்போது இம்போர்ட் வரியை இரண்டு தடவை பாருங்கள். வியூஸ்கோப்டு என்ற பெயரில் இரண்டு அனோட்டேஷன் உண்டு: 'ஃபேசஸ்.பீன்' பேக்கேஜில் இருப்பது பழைய மேனேஜ்டு பீனுக்கு (4.0-ல் நீக்கப்பட்டுவிட்டது), 'ஃபேசஸ்.வியூ' பேக்கேஜில் இருப்பது 2.2-ல் வந்தது, பீன்களை உருவாக்கி நிர்வகிக்கும் ஜாவா வசதியான சிடிஐயின் நேம்டு பீனுக்கு. ஐடிஈ பெரும்பாலும் எதைக் காட்டுகிறதோ அதையே சேர்த்துவிடுகிறோம். நேம்டுவோடு பழையதைச் சேர்த்தால் சிடிஐ அதைக் கண்டுகொள்ளாது. பக்கத்தில் எழுதும் ஒவ்வொரு ஈஎல் (எக்ஸ்பிரஷன் லாங்வேஜ்) கணக்கீட்டுக்கும் புதுப் பீன் பிறக்கும், நிலைமை முன்பைவிட மோசமாகும். சந்தேகமிருந்தால் கன்ஸ்ட்ரக்டரில் ஒரு லாக் வரி போட்டுப் பாருங்கள், பக்கத்துக்கு ஒரு தடவைதான் வர வேண்டும். சிடிஐ வியூ ஸ்கோப் பீன் சீரியலைசபிளாக இருப்பதும் கட்டாயம்.

இன்னொரு கண்ணி: டெலிட் மெத்தட் முடிவில் அதே பக்கத்தின் பெயரை ரிட்டர்ன் செய்தால் வியூ புதிதாகக் கட்டப்படும், வியூ ஸ்கோப் பீனும் அதோடு போகும். வாய்ட் ஆகவோ நல் ஆகவோ விடுங்கள்.

மெத்தடுக்குள் ஆர்டரின் ஐடியை வைத்தே நீக்குங்கள். டேட்டாபேஸ் 'பூஜ்யம் வரி நீங்கியது' என்றால் வேறு யாரோ முந்திக்கொண்டார்கள் என்று பொருள். பயனருக்கு அதைச் சொல்லி லிஸ்டைப் புதுப்பியுங்கள். ஐடியை எஃப் பேராம் வழியாகப் பட்டனோடு அனுப்பி ரெக்வெஸ்ட் ஸ்கோப்பிலேயே சமாளிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். சரியான ஆர்டரின் ஐடி வரும், உண்மைதான். ஆனால் அந்த எண்ணில் வரி இல்லையென்றால் பட்டன் அப்போதும் ஊமைதான். அந்த ஐடியைப் பிரவுசரில் யாரும் மாற்றி அனுப்பலாம் என்பதால், 'இந்த ஆர்டரை நீக்க இவருக்கு உரிமை உண்டா' என்ற சோதனையும் தனியாக வேண்டும்.

கேள்வி: யூஐ ரிப்பீட்டுக்குள் சி இஃப் போட்டு, 'ஸ்டாக் இல்லை' என்று சில வரிகளில் மட்டும் காட்ட நினைத்தேன். எந்த வரியிலும் வரவில்லை. நிபந்தனையைத் தலைகீழாக மாற்றினால் எல்லா வரியிலும் வருகிறது!

பதில்: இரண்டு டேக்கும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருந்தாலும் ஓடும் நேரம் வேறு. 'சி' என்று தொடங்கும் ஜேஎஸ்டிஎல் டேக்குகள் கம்போனென்ட் மரம் கட்டப்படும்போது ஓடி முடிந்துவிடும். யூஐ ரிப்பீட் அந்த மரத்தில் ஒரு கம்போனென்ட். மரம் கட்டி முடிந்த பிறகுதான் வரி வரியாக ஓடும். சி இஃப் ஓடுகிற நேரத்தில் உங்கள் 'ஐட்டம்' என்ற மாறிக்கு மதிப்பே இல்லை, நல். நல்லை வைத்து ஒரே ஒரு முறை எடுத்த முடிவுதான் எல்லா வரிக்கும்.

சி இஃப்பை எடுத்துவிட்டு எச் பேனல்குரூப் போட்டு, அதன் ரெண்டர்டு பண்பில் நிபந்தனையை எழுதுங்கள். எச்டிஎம்எல்லில் கூடுதலாக எந்த எலிமெண்டும் வேண்டாம் என்றால் யூஐ ஃப்ராக்மென்ட்.

இதே நோய் வேறு உருவங்களிலும் வரும். லூப்புக்குள் ஐடி பண்பில் 'ஐட்டம்.கோட்' என்று ஈஎல் எழுதினால், 'எம்ப்டி ஐடி ஆட்ரிப்யூட் இஸ் நாட் அலவுடு' என்று விழும். ஐடியும் பைண்டிங்கும் மரம் கட்டும் நேரத்துச் சமாச்சாரம். ஐடியைச் சும்மா நிலையாக வைத்துவிடுங்கள், வரி எண்ணை லூப்பே சேர்த்துக்கொள்ளும். யூஐ இன்க்ளூடின் சோர்ஸை ஒவ்வொரு வரிக்கும் மாற்ற முயல்வதும் இதனால்தான் பலிப்பதில்லை. எஃப் வேலிடேட்லாங்ரேஞ்சில் 'அதிகபட்சம் ஐட்டம்.ஸ்டாக்' என்று எழுதுவதும் அப்படியே, அந்தப் பண்பும் முன்கூட்டியே கணக்காகிவிடும். வரிக்கு வரி மாறும் எல்லை வேண்டுமென்றால், எஃப் ஆட்ரிப்யூட்டில் அந்த மதிப்பைக் கட்டிவிட்டு, சொந்தமாக எழுதிய வேலிடேட்டரில் கம்போனென்டின் ஆட்ரிப்யூட்களிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அது ஈஎல்லாகவே சேமிக்கப்படுவதால் வேலிடேஷன் நடக்கும் வரியின் மதிப்பைத் தரும்.

'அப்படியானால் யூஐ ரிப்பீட்டையே சி ஃபார்ஈச் ஆக்கிவிட்டால்?' என்பது அடுத்த கேள்வியாக இருக்கும். மேலே சொன்னவை எல்லாம் வேலை செய்யும். சிறிய, மாறாத பட்டியலுக்குச் சரி. வரிக்கு வரி வேறு வேறு வகைக் கம்போனென்ட் வேண்டும் என்றால் அதுதான் வழியும்கூட. ஆனால் வரிக்கு 5 கம்போனென்ட் என்று 1000 வரி இருந்தால், ரிப்பீட்டில் மரத்தில் இருப்பது 5, ஃபார்ஈச்சில் 5000. அதோடு பழைய மொஜாரா என்றால் எச்சரிக்கை: 2.1.18-க்கு முந்தைய பதிப்புகளில், சி ஃபார்ஈச் அல்லது சி இஃப்பில் வியூ ஸ்கோப் பீனைத் தொட்டால், ஒவ்வொரு சப்மிட்டிலும் அந்தப் பீன் புதிதாகப் பிறக்கும் கோளாறு இருந்தது. பழைய ப்ராஜெக்டைப் பராமரிப்பவர்கள் ஜார் ஃபைலின் பதிப்பைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: டேட்டாபேஸ் வரிகளை ஜாவா ஆப்ஜெக்டாக்கும் ஹைபர்னேட் தரும் செட்டை லூப்பில் கொடுத்தால், 'பெர்சிஸ்டன்ட்செட் கிளாஸில் நேம் என்ற ப்ராப்பர்ட்டி இல்லை' என்கிறது. நேம் இருப்பது உள்ளே உள்ள என்டிட்டியில்தானே?

பதில்: உங்களுடையது ஜேஎஸ்எஃப் 2.2 அல்லது அதற்கும் முந்தையது. அந்தக் காலத்து யூஐ ரிப்பீட்டுக்கு லிஸ்டும் அர்ரேயும் தெரியும், செட் தெரியாது. தெரியாத எதையும் 'ஒரே ஒரு பொருள்' என்று எடுத்துக்கொண்டு, முழுச் செட்டையும் ஒரு வரியாக வைத்து ஒரு தடவை ஓடும். அதனால்தான் செட்டிடமே போய் நேம் கேட்கிறது. 2017-ல் வந்த 2.3-லிருந்து இட்டரபிள் எதையும் ஏற்கும். மேலே போக முடியாதவர்கள் ஈஎல்லில் செட் பெயருக்குப் பின் டூஅர்ரே மெத்தடை அழைத்துவிடலாம். இதற்கு ஈஎல் 2.2 வேண்டும், டாம்கேட் 7-லிருந்து அது உண்டு.

எரர் போனதும் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஹாஷ்செட்டுக்கு நிலையான வரிசை என்று ஒன்று இல்லை. இந்த ரெக்வெஸ்டில் மூன்றாவதாக நின்றது அடுத்த ரெக்வெஸ்டில் ஏழாவதாக நிற்கலாம், உள்ளே பட்டனோ இன்புட்டோ இருந்தால் முதல் கேள்வியின் கதைதான். என்டிட்டியில் ஆர்டர்பை அனோட்டேஷன் கொடுங்கள், அல்லது பீனில் ஒரு முறை வரிசைப்படுத்திய அர்ரேலிஸ்டாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பில் போடும் பக்கம். ஒவ்வொரு வரியிலும் பொருள், அளவு, விலை என்று மூன்று இன்புட். அளவில் எழுத்து எதையாவது போட்டு 'சேமி' அழுத்தினால் சரியாக எரர் வருகிறது. பிறகு அந்த வரியை ஏஜாக்ஸில் நீக்கினால், கீழே இருந்த வரி மேலே ஏறி, நீக்கிய வரியில் டைப் செய்திருந்ததைக் காட்டுகிறது. டேட்டாபேஸிலும் லிஸ்டிலும் எல்லாம் சரியாகவே இருக்கிறது. வியூ ஸ்கோப்தான்.

பதில்: லூப்புக்குள் எத்தனை வரி தெரிந்தாலும் இன்புட் கம்போனென்ட் ஒரு தொகுதிதான். ஒவ்வொரு வரிக்குப் போகும்போதும் அந்த வரிக்குரிய நிலையை, அதாவது டைப் செய்த மதிப்பு, செல்லுமா செல்லாதா என்ற குறி ஆகியவற்றை எடுத்து மாட்டிக்கொள்ளும். அடுத்த வரிக்குப் போகும்முன் கழற்றி வைக்கும். கழற்றி வைக்கும் அலமாரியில் ஒட்டியிருக்கும் சீட்டு என்ன? 'ஃபார்ம்:லிஸ்ட்:1:அளவு'. மறுபடியும் அதே வரி எண்!

வேலிடேஷன் தேறிவிட்டால் மதிப்புகள் பீனுக்குள் போய் இந்த நிலை காலியாகிவிடும், அதனால் பிரச்சினை கண்ணில் படாது. தோற்றால் அப்படியே தங்கும். இருப்பதுதான் முறை, இல்லாவிட்டால் பயனர் டைப் செய்தது அழிந்து போகும். நீங்கள் லிஸ்டிலிருந்து ஒன்றாம் எண் வரியை எடுத்ததும் இரண்டாம் எண் வரி ஒன்றாம் எண்ணுக்கு வருகிறது, அங்கே காத்திருக்கும் பழைய மதிப்பை மாட்டிக்கொள்கிறது.

2.2 முதல் எஃப் ஏஜாக்ஸில் 'ரீசெட்வேல்யூஸ்' என்ற பண்பு உண்டு. அதை ட்ரூ ஆக்கினால் ரெண்டர் ஆகும் பகுதியின் இன்புட் நிலைகள் துடைக்கப்படும். ஜேஎஸ்எஃப் கம்போனென்ட் லைப்ரரியான ப்ரைம்ஃபேசஸ் பயன்படுத்துவோருக்கு பீ ரீசெட்இன்புட். ஆனால் இதில் மற்ற வரிகளில் இன்னும் பீனுக்குள் போகாத மதிப்புகளும் சேர்ந்து போய்விடும். பத்து வரி டைப் செய்துவிட்டு ஒன்றை நீக்கியவர் மீதி ஒன்பதையும் இழந்தால் சும்மா இருக்கமாட்டார்.

பில் மாதிரியான பக்கத்துக்கு எங்கள் யோசனை வேறு: லிஸ்டிலிருந்து வரியை எடுக்கவே வேண்டாம். வரி ஆப்ஜெக்டில் 'நீக்கப்பட்டது' என்று ஒரு பூலியன் வைத்து, வரியின் உள்ளடக்கம் முழுவதையும் ஒரு பேனல்குரூப்பில் போட்டு, ரெண்டர்டில் அந்தப் பூலியனின் எதிர்மறையைக் கொடுங்கள். எண்கள் நகராது, அதனால் நிலையும் நகராது. ரெண்டர் ஆகாத இன்புட்டுக்கு வேலிடேஷனும் கிடையாது என்பதால் அந்தத் தப்பான எழுத்தும் தொந்தரவு தராது. புதிய வரியை எப்போதும் கடைசியில் சேருங்கள். 'சேமி' முழுமையாகத் தேறிய பிறகு குறியிட்ட வரிகளை ஒட்டுமொத்தமாகக் கழித்துவிடலாம். திரையில் வரிசை எண் காட்டினால் மட்டும் ஸ்டேட்டஸ் இண்டெக்ஸை (லூப் தரும் வரி எண்) நம்ப முடியாது, பீனில் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஏஜாக்ஸில் லூப்பைப் புதுப்பிக்க அதன் ஐடியைக் கொடுத்தால், 'மால்ஃபார்ம்டு எக்ஸ்எம்எல், ட்யூரிங் அப்டேட், நாட் ஃபவுண்ட்' என்று பிரவுசரில் அலர்ட் வருகிறது. ஐடி சரியாகத்தான் இருக்கிறது.

பதில்: சர்வரில் இருக்கிறது, பிரவுசரில் இல்லை. யூஐ ரிப்பீட் தனக்கென்று எந்த எச்டிஎம்எல் எலிமெண்டையும் எழுதாது. மாற்ற வேண்டிய இடம் எது என்று ஜாவாஸ்கிரிப்ட் தேடித் தோற்கிறது. சுற்றி ஒரு எச் பேனல்குரூப் போட்டு, லேஅவுட்டை 'பிளாக்' ஆக்கி, அதன் ஐடியைக் கொடுங்கள்.

லூப் ஒரு டேபிளின் வரிகளை எழுதுகிறது என்றால் பேனல்குரூப்பை டேபிளுக்கு வெளியே வையுங்கள். டேபிளுக்கும் டிஆருக்கும் நடுவே ஸ்பேனோ டிவ்வோ வந்தால் பிரவுசர் அதை டேபிளை விட்டு வெளியே எறிந்துவிடும். முதல் தடவை பார்க்க நன்றாக இருக்கும், அடுத்த அப்டேட்டில் டேபிள் இரண்டாகத் தெரியும். இதற்கு எச் டேட்டாடேபிளே மேல்.

அதே வரியில் உள்ள ஒரு பெட்டியை மட்டும் புதுப்பிக்க முழு லூப்பும் தேவையில்லை. லூப் ஒரு நேமிங் கன்டெய்னர் (உள்ளே உள்ள ஐடிகளுக்கு முன்னால் தன் ஐடியைச் சேர்ப்பது) என்பதால் பக்கத்து கம்போனென்டின் ஐடியை 'தொகை' என்று வெறுமனே எழுதினாலே அந்த வரியின் தொகையைக் கண்டுபிடிக்கும். லூப்புக்கு வெளியே உள்ள மொத்தத் தொகைக்கு, முன்னால் கோலன் போட்டு ஃபார்மின் ஐடியிலிருந்து முழுப் பாதையும் வேண்டும்.

கேள்வி: ஸ்ட்ரிங் லிஸ்டை லூப்பில் ஓட்டி இன்புட்டின் வேல்யூவில் 'ஐட்டம்' என்று கொடுத்தேன். சப்மிட் செய்தால் எரரும் இல்லை, மாற்றமும் இல்லை.

பதில்: ஸ்ட்ரிங்குக்கு செட்டர் கிடையாது. ஜேஎஸ்எஃப் 'ஐட்டம்' என்ற தற்காலிக மாறியில் புது மதிப்பை வைக்கிறது, அடுத்த வரிக்கு நகர்ந்ததும் அது காற்றோடு போகிறது. லூப்பின் நிலையைத் தரும் வார்ஸ்டேட்டஸ் பண்பைக் கொடுத்து, 'பீன்.பெயர்கள்' என்ற லிஸ்டையே சதுர அடைப்புக்குள் ஸ்டேட்டஸ் இண்டெக்ஸ் போட்டுக் குறிப்பிடுங்கள். லிஸ்ட் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், லிஸ்ட்.ஆஃப் கொண்டு உருவாக்கியது என்றால் ப்ராப்பர்ட்டி நாட் ரைட்டபிள் என்று விழும்.

இண்டிஜர் லிஸ்ட் என்றால் கன்வர்ட்டரையும் நீங்களே போட வேண்டும், 'ஜாவாக்ஸ்.ஃபேசஸ்.இண்டிஜர்' என்று (3.0-லிருந்து 'ஜகார்த்தா.ஃபேசஸ்.இண்டிஜர்'). ஓடும்போது லிஸ்டின் ஜெனரிக் வகை ஈஎல்லுக்குத் தெரியாது, ஸ்ட்ரிங்கை அப்படியே உள்ளே தள்ளிவிடும். அதன் பிறகு வேறு எங்கோ, கூட்டல் போடும் இடத்தில், கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன் வரும். காரணம் பக்கத்தில் இருக்க, நீங்கள் சர்வீஸ் கிளாஸைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

கேள்வி: லூப்பில் மாற்றிய விலைகள் 'சேமி' மெத்தடுக்குள் பழைய மதிப்பாகவே இருக்கின்றன. செட்டரில் பிரேக்பாயிண்ட் வைத்தால் புது மதிப்பு வருவது தெரிகிறது.

பதில்: கெட்டரைப் பாருங்கள். அதற்குள் டேட்டாபேஸ் குவெரியோ, 'நியூ அர்ரேலிஸ்ட்' போட்டுப் பொருள்களை நகலெடுக்கும் கோடோ இருக்கும். ஒரே ரெக்வெஸ்டில் லூப்பின் கெட்டர் பல தடவை அழைக்கப்படும். லூப்புக்குள் லூப் என்றால் உள் லூப்பின் கெட்டர் வெளி வரி ஒவ்வொன்றுக்கும் அழைக்கப்படும். நான்காவது கட்டத்தில் விலை ஏறிய ஆப்ஜெக்ட் ஒரு லிஸ்டைச் சேர்ந்தது, ஐந்தாவது கட்டத்தில் நீங்கள் கெட்டரை அழைத்துச் சேமிப்பது வேறு லிஸ்ட். கெட்டர் ஃபீல்டை மட்டும் ரிட்டர்ன் செய்யட்டும், எடுப்பதைப் போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட்டில் செய்யுங்கள். பக்கம் மெதுவாக வருகிறது என்ற புகார் இருந்தால் அதுவும் இதிலேயே போய்விடும்.

கேள்வி: விக்கெட், டேபெஸ்ட்ரி போன்ற மற்ற ஜாவா வெப் ஃப்ரேம்வொர்க்குகளில் இந்த வரி எண் தொல்லை இல்லை என்கிறார்கள். உண்மையா?

பதில்: விக்கெட்டில் பாதி உண்மை. அதன் லிஸ்ட்வியூ ஒவ்வொரு வரிக்கும் தனிக் கம்போனென்ட் படைக்கிறது, ஆனால் அந்த வரியின் மாடல் லிஸ்டில் எண்ணை வைத்தே ஆப்ஜெக்டைத் தேடுகிறது. ஒவ்வொரு ரெக்வெஸ்டிலும் லிஸ்டைப் புதிதாக எடுக்கும் மாடலைக் கொடுத்தால் முதல் கேள்வியின் விபத்து இங்கும் நடக்கும். டேட்டாவியூ எடுத்து, டேட்டா ப்ரொவைடரின் மாடல் மெத்தடில் ஐடியை வைத்து ஏற்றும் லோடபிள் டிடாச்சபிள் மாடலைத் திருப்பினால் தப்பிக்கலாம். லிஸ்ட்வியூவை ஃபார்முக்குள் வைத்தால் செட்ரியூஸ்ஐட்டம்ஸ் ட்ரூ ஆக்குவதும் கட்டாயம். இல்லாவிட்டால் ஒவ்வொரு ரெண்டரிலும் வரிகள் புதிதாகி, வேலிடேஷன் தோற்றபோது டைப் செய்திருந்தது மறைந்துவிடும். அப்படி ஆக்கிய பின் லிஸ்டில் வரியைக் கூட்டினாலோ குறைத்தாலோ லிஸ்ட்வியூவின் ரிமூவ்ஆல் மெத்தடை அழைக்க வேண்டும்.

டேபெஸ்ட்ரி 5-ன் லூப் இதில் நன்றாகவே யோசித்திருக்கிறது. ஃபார்முக்குள் இருக்கும்போது ஒவ்வொரு வரியின் ஆப்ஜெக்டையும் வேல்யூஎன்கோடர் மூலம் ஒரு சாவியாக மாற்றி ஃபார்மோடு மறைவாக அனுப்பும்; சப்மிட் ஆனதும் சோர்ஸ் லிஸ்டை மறுபடி ஓட்டாமல் அந்தச் சாவிகளிலிருந்தே ஆப்ஜெக்டுகளை எடுக்கும். ஹைபர்னேட் மாட்யூல் சேர்த்திருந்தால் என்டிட்டிகளுக்கு என்கோடர் தானாக வரும். சொந்தக் கிளாஸுக்கு நீங்கள் எழுதிக் கொடுக்காவிட்டால், ஸ்ட்ரிங்கிலிருந்து உங்கள் கிளாஸுக்கு மாற்ற வழியில்லை என்று கோயர்ஷன் எரர் வரும். அந்த எரரைக் கண்டு எரிச்சலாகி, எங்கோ படித்ததை வைத்து 'ஃபார்ம்ஸ்டேட்' பண்பை 'இட்டரேஷன்' ஆக்குபவர்கள் உண்டு. எரர் போய்விடும். லூப் மீண்டும் சோர்ஸை முதலிலிருந்து ஓட்டும், வரி எண் தொல்லையும் கூடவே வந்துவிடும். என்கோடர் எழுதுவது இரண்டே மெத்தட், டூகிளையண்ட், டூவேல்யூ. டூவேல்யூவில், அந்த ஐடி இதற்குள் நீக்கப்பட்டிருந்தால் டேட்டாபேஸ் நல் தரும் என்பதற்கு மட்டும் வழி செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்து ஓடும் செட்டரில் நல்பாயிண்டர்.